நின்ற இடத்தில் அணையும் வண்டி

குளத்தூரில் பிக்கப் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தால் மெக்கானிக் பயப்படுவதில்லை. கோளாறு கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் அகப்படும். அவரைத் திணறடிக்கும் புகார் வேறு. "ஓடும்போது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நிக்கிற எடத்துலதான் பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது. அதுவும் எப்பவும் கெடையாது" என்று ஒருவர் வந்து நிற்பார். பட்டறை வாசலில் அரை மணி நேரம் ஓட விட்டால் அதே வண்டி ஒரு குறையும் காட்டாது. கிளம்பிப் போனதும் சூரங்குடி விலக்கில் பஸ்ஸுக்கு வழிவிட நிறுத்தும்போது அணைந்துவிடும்.

இந்தக் கோளாறைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் சொல்லப் போவதன் சாரத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். "எந்தப் பாகம் போயிருக்கும்?" என்று தொடங்கினால் ஃபில்டர், நாசில், பம்ப் என்று வரிசையாகக் கழற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டியிருக்கும். "எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது?" என்று தொடங்கினால் பெரும்பாலும் சில்லறைச் செலவில் முடியும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு முதல் சாட்சி ஓட்டுநர். அவரை விசாரிக்காமல் ஸ்பானரை எடுக்கக்கூடாது.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். செல்போனில் 'பிக்கப் டிரக் அணைகிறது' என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வண்டிகளைப் பற்றியவை. அங்கே பழைய பிக்கப் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். அவற்றில் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் தன் பூட்டை விடாமல் பிடித்துக்கொண்டால், பிரேக் போட்டதும் இன்ஜின் நின்றுவிடும். நம் வண்டியில் அந்த உறுப்பே கிடையாது. இந்தப் பக்கம் ஓடுபவை டாடா மொபைல் பிக்கப்பின் வழிவந்தவை, 2000-க்குப் பின் பெருகிய பொலிரோ பிக்கப்புகள், 2005-இல் வந்து குட்டி யானை என்று பெயர் வாங்கிய 702 சிசி, இரண்டு சிலிண்டர் டாடா ஏஸ். டீசல் இன்ஜினும் கையால் போடும் கியரும் கொண்டவை. ஏற்றுவது சீமைக் கருவேலங்கரி, மிளகாய் வத்தல், உளுந்து, மக்காச்சோளம், கருப்பட்டி, மீன், உப்பு. ஓடுவது புழுதியிலும் கடற்காற்றிலும். அமெரிக்க வைத்தியம் இவற்றுக்குப் பொருந்தாது.

ஓடும்போது நிற்காத இன்ஜின், நிறுத்தும்போது மட்டும் ஏன் அணைகிறது? நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு நான்கு சிலிண்டரும் ஒருமுறை எரிய வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 1500 தடவை, நொடிக்கு 25 தடவை டீசல் பீய்ச்சப்படுகிறது. 2.5 லிட்டர் இன்ஜின் சும்மா நிற்கும்போது மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு விழுவது 6, 7 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு டீசலை ஏழெட்டுப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான்.

இப்போது டீசல் பைப்பில் ஒரு கடுகளவு காற்றுக் குமிழி வருகிறது. டீசலை அழுத்தினால் அது சுருங்காது, அழுத்தம் உடனே ஏறி நாசில் திறக்கும். நேரடிப் பீய்ச்சல் இன்ஜின்களில் நாசில் திறக்க 200 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். காற்றை அழுத்தினால் காற்று சுருங்கும். பம்ப் கொடுத்த தள்ளல் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, நாசில் திறக்காமல் போகும். அந்தத் தடவை சிலிண்டர் எரியாது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இப்படி ஒன்றிரண்டு தவறினால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. ஃப்ளைவீல் சேமித்து வைத்த சக்தி இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சக்தி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 3000 சுற்றில் இருப்பதில் 16-இல் ஒரு பங்குதான் 750 சுற்றில் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தவறினால் தாங்குவதற்குக் கையிருப்பு இல்லை. குட்டி யானையில் இன்னும் மோசம்: இரண்டே சிலிண்டர், சுற்றுக்கு ஒரே எரிப்பு.

பம்பின் உள்ளே இருக்கும் கவர்னரும் அப்படித்தான். ஸ்லோவில் வேகம் குறையத் தொடங்கியதும் டீசலைக் கூட்டிக் கொடுத்து இன்ஜினைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. சுழலும் எடைக்குண்டுகள் வெளியே விரியும் விசையை வைத்து அது வேகத்தை அறிகிறது. அந்த விசையும் இருமடிக் கணக்குதான். ஆகவே தேய்மானமும் பிசுபிசுப்பும் இருந்தால் அவை முதலில் ஸ்லோவில்தான் வெளிப்படும். ஆக, நிறுத்தும் இடத்தில் அணைவது தனியொரு நோய் இல்லை. எங்கோ இருக்கும் சிறு குறை, இன்ஜின் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில் வெளியே தலைகாட்டுகிறது.

இனி விசாரணைக்கு வருவோம். ஓட்டுநரிடம் கேட்க வேண்டியவை ஏழு கேள்விகள்.

முதல் கேள்வி: எப்படி அணைகிறது? சாவியைத் திருப்பி நிறுத்தியது போலப் பட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று தடவை தடுமாறி, வேகம் ஏறி இறங்கி, பிறகு அணைந்தால் டீசலும் காற்றும். வண்டியே குலுங்கி, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் அணைந்தால் கிளட்ச். இந்த ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய வழிகளில் பாதி அடைபட்டுவிடும்.

இரண்டாவது: அணையும்போது கியரில் இருந்ததா, நியூட்ரலில் இருந்ததா? கிளட்ச் பெடலை முழுதாக அமுக்கியும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்றால், பிரேக் பிடிக்கும் சக்கரம் இன்ஜினையும் சேர்த்து நிறுத்தும். கிளட்ச் எண்ணெய் குறைந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். இது தெரியாமல் டீசல் லைனைப் பிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. நிறுத்தப் போகும் முன் நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்தால் செலவே இல்லாமல் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது: அப்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது பிரேக் போட்டால் டீசல் முன்பக்கம் அலைமோதும். உறிஞ்சு குழாயின் வாய் ஒரு நொடி வெளியே தெரிந்து காற்றை இழுக்கலாம். அடியில் தேங்கிய தண்ணீரும் அழுக்கும் கிளம்பி அந்த வாய்க்கு வரலாம். டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 820 முதல் 845 கிராம், தண்ணீர் 1000 கிராம். ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில்தான் கிடக்கும். டேங்க் நிரம்பியிருந்தால் அணைவதில்லை, குறைந்தால் அணைகிறது என்று ஓட்டுநர் சொன்னால், தேட வேண்டிய இடம் டேங்க்.

நான்காவது: காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு? அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகே அணைகிறது, சற்று நேரம் கழித்துத் தானே சரியாகிறது என்றால் டேங்க் மூடியைச் சந்தேகியுங்கள். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். மூடியில் அதற்கென்று உள்ள துவாரத்தைக் கரிசல் புழுதியும் டீசல் பிசுக்கும் சேர்ந்து அடைத்துவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். அணைந்தவுடன் மூடியைத் திறந்து காது கொடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் நோய் தெரிந்துவிட்டது.

ஐந்தாவது: அப்போது இன்ஜின் மேல் என்ன பாரம் இருந்தது? இரவில் ஹெட்லைட் எரியும்போது மட்டுமா, பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முழுதாக வளைக்கும்போது மட்டுமா? ஆறாவது: அணைந்த பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகிறது? சாவி போட்டவுடன் எடுத்தால் ஒரு பொருள், டீசல் லைனில் உள்ள கை பம்பை அடித்த பிறகே எடுத்தால் வேறு பொருள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், இரவோடு இரவாக டீசல் டேங்குக்குத் திரும்பி வடிந்திருக்கிறது, எங்கோ காற்று புகுந்திருக்கிறது.

ஏழாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: இது தொடங்குவதற்கு முன் கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்? "ஃபில்டர் மாத்துனோம்" என்று பதில் வந்தால், மாற்றியவர் பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறாரா, ஃபில்டரின் ரப்பர் ரிங் மடங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று அங்கே முதலில் கை வைக்க வேண்டும்.

ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பிக்கப், கரிமூட்டை ஏற்றுகிற வண்டி. விசாரணை இப்படிப் போகும்.

"எங்கெங்க நிக்குது அண்ணாச்சி?"

"எட்டயபுரம் போற பாதையில ஸ்பீடு பிரேக்கர் வந்தா நிக்குது. தூத்துக்குடி ரோட்டுல கேட் போட்டாலும் நிக்குது."

"லோடு இருக்கையிலயா, காலியா வரும்போதா?"

"ரெண்டுலயும்தான். ஆனா காலையில போகையில நிக்காது தம்பி. திரும்பி வரையிலதான்."

"டீசல் எப்ப அடிப்பிய?"

"காலையிலதான், கெளம்பும்போது."

கடைசி இரண்டு பதிலையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் டேங்க் நிறைய இருக்கிறது, மாலையில் குறைந்திருக்கிறது. அதே நேரத்தில் வண்டி பல மணி நேரம் ஓடியும் இருக்கிறது. டேங்கின் அடியா, மூடியா, சூடா என்று மூன்று வழி மிஞ்சுகிறது. மறுநாள் மாலை திரும்பும் முன் டேங்கை நிரப்பி வரச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த நாள் நிரப்பாமல், மூடியை அரைச் சுற்று தளர்த்தி வரச் சொல்லுங்கள். இரண்டு மாலையில் மூன்று வழியும் தனித்தனியே பிரிந்துவிடும். நிரப்பினால் நிற்கவில்லை, மூடியைத் தளர்த்தினால் நிற்கிறது என்றால் டேங்கின் அடி. தளர்த்தினாலே சரியாகிவிட்டால் மூடி. இரண்டிலும் மாற்றம் இல்லை என்றால் சூட்டில் தளரும் இணைப்போ பாகமோ. இதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

இனிக் கை வைக்கும் சோதனைகள். மலிவானது முதலில், கழற்றுவது கடைசியில் என்பதே வரிசை.

முதலில் ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் நட்டைத் திறந்து, வருவதைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் மேலே காற்று நிறைந்திருக்கிறது. கடலோர ஈரக்காற்று இரவில் குளிரும்போது தகரத்தின் உட்பக்கம் வியர்த்து அடியில் இறங்கும். கேனில் வாங்கி வந்து புனல் வைத்து ஊற்றும் டீசலோடும் தண்ணீரும் தூசியும் வரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புப் பாசி போல வழவழவென்று திரளும். குடுவையில் அதைப் பார்த்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவி, உறிஞ்சு குழாயின் வாயிலுள்ள வலையையும் சுத்தம் செய்தால்தான் தீரும்.

அடுத்தது காற்று. இங்கேதான் கண் ஏமாறும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் இழுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு தள்ளப்படுகிறது. தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். இழுக்கும் பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இழுவைக் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் தண்ணீர் சொட்டாது, மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. வண்டியிலும் அதே சங்கதிதான். ஈரம் தெரியாத இணைப்பை நல்ல இணைப்பு என்று நம்பக்கூடாது. ரோட்டரி பம்ப் பொருத்திய சில வண்டிகளில் தனி ஃபீட் பம்ப் கிடையாது, பம்பே டேங்கிலிருந்து இழுக்கிறது. அவற்றில் ஃபில்டரும் அதன் தலையிலுள்ள கை பம்பும்கூட இழுவைப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வெயிலில் இறுகி வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த கிளிப், நசுங்கிய காப்பர் வாஷர், கை பம்பின் கிழிந்த டயாஃப்ரம் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

டீசல் மாறியதும் பழைய ரப்பரைப் பாதிக்கலாம். 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் சுருங்கி ஒழுகிய புகார்கள் எழுந்தன. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 டீசல் வருகிறது. அதில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது, பிஎஸ் 3 காலத்தில் 350 வரை அனுமதி இருந்தது. பதினைந்து இருபது வருடத்து ரப்பர் எந்த டீசலிலும் நம்பத் தகுந்ததல்ல. ஹோஸ் மாற்றும் செலவு சிறிது, மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

காற்றைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. டீசல் தாங்கும் ஒரு முழ நீள ஒளிபுகும் ஹோஸை, பம்புக்குள் டீசல் நுழையும் இடத்துக்கு முன்னால் தற்காலிகமாகப் பொருத்துங்கள். ஃபில்டர் மாற்றியவுடன் சில குமிழிகள் வருவது இயல்பு, சில நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் காற்று புகுகிறது. ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி மறைகிறதோ, அந்த இணைப்புதான் ஓட்டை.

அதைவிடக் கறாரான சோதனை கேன் கட்டிப் பார்ப்பது. சுத்தமான டீசல் உள்ள ஒரு சிறு கேனைப் பம்புக்கு மேலே உயரத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேரே கொடுங்கள். ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே விடுங்கள். பட்டறைக்குள் நிறுத்தி வைத்தோ, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியோ பாருங்கள். சைலன்சர் பக்கம் கேன் போகக்கூடாது, மெயின் ரோட்டில் இதை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது. கேனில் ஓடும்போது கோளாறு வரவில்லை என்றால் பம்பும் நாசிலும் நிரபராதிகள். டேங்க், மூடி, பைப், ஃபில்டர் என்று அந்தப் பக்கமே தேடலாம். கேனில் ஓடும்போதும் அணைந்தால் டேங்க் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். பம்பை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் செய்ய வேண்டிய சோதனை இது.

பட்டென்று அணையும் வண்டிக்கு வேறு சோதனை. ரோட்டரி பம்ப் வண்டிகளில் டீசலை நிறுத்துவது ஒரு சொலினாய்டு. சாவி போட்டிருக்கும் வரை அதற்கு 12 வோல்ட் கரண்ட் போக வேண்டும். ஒரு கணம் கரண்ட் அறுந்தாலும் டீசல் நின்றுவிடும். கம்பி இழுத்து நிறுத்தும் பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. சொலினாய்டுக்குப் போகும் வயரிலிருந்து ஒரு சிறு பல்புக்கு இணைப்பு எடுத்து, பல்பின் எர்த்தை நேரே பேட்டரியின் நெகட்டிவில் கொடுத்து, பல்பை டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். பல்போடு ஒரு ஃப்யூஸும் இருக்கட்டும். வண்டி அணையும் அதே கணத்தில் பல்பும் அணைந்தால் கோளாறு சாவி ஸ்விட்சிலோ, ஃப்யூஸிலோ, வயரின் இணைப்பிலோ இருக்கிறது. பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் அணைந்தால் வயரிங் பக்கம் போக வேண்டாம். சொலினாய்டின் எர்த்தையும் அதன் உள்சுற்றையும் மட்டும் பார்த்துவிட்டு டீசல் பக்கம் திரும்பலாம்.

உப்பளத்துப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். பேட்டரி டெர்மினலில் பூத்திருப்பதைத் துடைத்துவிடுகிறோம். சேசிஸில் எர்த் முடுக்கியிருக்கும் போல்டுக்கு அடியில் துரு பிடித்திருப்பதைப் பார்ப்பதில்லை. ஸ்லோவில் டைனமோ கொடுப்பது குறைவு. ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், பிரேக் லைட் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது துருப்பிடித்த எர்த் கைவிட்டுவிடும். கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு ஓட்டினால் சாவி ஸ்விட்ச் தேய்ந்து ஆட்டம் காணும். கையால் சாவியை லேசாக அசைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிஎஸ் 3, பிஎஸ் 4 காலத்து வண்டிகளில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்குள் திருப்பி விடும் வால்வு அது. கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஸ்லோவில் நல்ல காற்றுக்குப் பதில் புகைதான் உள்ளே போகும், இன்ஜின் தடுமாறி அணையும். இரண்டு, காமன் ரெயில் வண்டிகளின் கிராங்க் சென்சார். சூடேறினால் செத்து, ஆறினால் பிழைத்து எழுவது அதன் குணம். இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் உதவும். ஆனால் ஸ்கேனரில் வரும் கோட் கோளாறு எந்தச் சுற்றில் என்றுதான் சொல்லும். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயர் கெட்டதா என்பதை மீட்டர் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது ஹைபிரஷர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஸ்லோவிலேயே உள்ளே 250, 300 பார் இருக்கும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் 1000 தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வலி தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அடைத்த ஏர் ஃபில்டர் லோடில் கரும்புகை தள்ளும், ஏற்றத்தில் இழுவையைக் குறைக்கும். ஸ்லோவில் காற்றுத் தேவை மிகக் குறைவு, அங்கே அணைவதற்கு அது காரணமாவது அரிது. மாற்றுங்கள், வண்டிக்கு நல்லது. இந்த நோய்க்கு மருந்து என்று நம்பி மாற்றாதீர்கள்.

இப்போது மிகவும் சர்ச்சையான விஷயத்துக்கு வருகிறேன்: ஸ்லோவை ஏற்றி வைப்பது. பம்பிலுள்ள ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் இன்ஜின் 900, 1000 சுற்றுக்கு ஏறிவிடும், அணைவதும் நின்றுவிடும். வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு போவார். ஆனால் காற்று புகும் ஓட்டை அங்கேயே இருக்கிறது, நாளாக நாளாகப் பெரிதாகும். அடுத்த முறை வண்டி நிறுத்தும் இடத்தில் அணையாது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது இழுவை விட்டுவிடும். ஸ்லோ ஏற்றுவது தவறே இல்லை என்று சொல்லும் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான்: டாக்கோமீட்டர் வைத்து அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது சீரமைப்பு. அளக்காமல், மற்றதைப் பார்க்காமல் ஏற்றுவது கோளாறை மறைப்பது.

கடைசியில்தான் பம்பும் நாசிலும். இந்தியாவில் டீசல் பம்ப் என்றாலே 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ பெயர்தான் நாவில் வரும். இன்று அந்தக் கம்பெனி பாஷ் என்ற பெயரில் இருக்கிறது. ஜெர்மனியில் பாஷ் 1927-இல் டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிகளில் டீசல் இன்ஜின் பரவியது. தொடக்க கால டீசல் இன்ஜின்களில் டீசலைப் பீய்ச்சவே தனியாகக் காற்று கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி 2, 3 மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆடிக் காற்றில் கரிசல் மண் பறக்கும் திறந்த பட்டறையில் அந்தப் பம்பைப் பிரித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பைக் கழற்றுவது என்று முடிவானால் டைமிங் குறிகளைப் பதித்துவைத்து, பைப் வாய்களையெல்லாம் அடைத்து, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் ரூமுக்கே அனுப்புங்கள். அங்கே ஸ்லோவிலும் அளந்து கொடுக்கச் சொல்லுங்கள். ஃபுல் லோடில் மட்டும் அளந்து திருப்பி அனுப்பினால் உங்கள் புகார் கேட்கப்படவே இல்லை என்று பொருள்.

ஓட்டுநர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இன்ஜினோடு சுற்றும் வேக்குவம் பம்ப்தான் உண்டாக்குகிறது, பெரும்பாலும் டைனமோவின் முதுகில் இருக்கும். இன்ஜின் அணைந்த பிறகு ஒன்றிரண்டு தடவைதான் பிரேக் பெடல் லேசாக இறங்கும், அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது அணைந்தால் பிரேக்கை அடித்து அடித்து விடாதீர்கள். ஒரே மிதியில் அமுக்கிப் பிடித்து ஓரம் கட்டுங்கள், இண்டிகேட்டரைப் போடுங்கள். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும், இரு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். அணையும் வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு இரவில் ஓடாதீர்கள். சந்தைக்குப் போகும் மிளகாய் ஒரு நாள் தாமதமானால் விலையில் தட்டும், அதை ஈடுகட்டலாம்.

இன்று இங்கிருந்து போகும்போது மூன்று காரியங்களை எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டுநர்கள் வண்டியில் ஒரு சிறு நோட்டு வைத்து, அணையும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், டீசல் அளவு, கியர், லைட், அணைந்த விதம், மறுபடி எடுத்த விதம் இவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். பட்டறைக்காரர்கள் அந்த நோட்டைப் படிக்காமல் பானட்டைத் திறக்காதீர்கள், முடிந்தால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை அவர் போகும் பாதையிலேயே போய் வாருங்கள். இருவருமே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர், ஹோஸ், நாசில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம், எது சரி செய்தது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த வண்டிக்கும் அந்த மூன்றையும் மாற்றுவோம், அந்தச் செலவு இன்னொரு ஓட்டுநரின் தலையில் விழும். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, கோளாறு எங்கே இருந்தது என்று அதில் தொட்டுக் காட்ட முடிந்தால்தான் அதற்குக் கூலி வாங்குவது நியாயம். காட்ட முடியாதபோது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எந்த ஓட்டுநரும் உங்கள் பட்டறையை விட்டு ஓட மாட்டார்.

நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் முதலில் கேள்வி கேட்கலாம்.